எழுத்துக்கு முன்னால் காது: வீட்டிலேயே தமிழ் வாசிக்கப் பழக்குவது

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்த கையோடு பல வீடுகளில் நடக்கிற முதல் காரியம் ஒரு கரும்பலகை வாங்குவது. அடுத்தது கால அட்டவணை. ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு, பதினொன்றுக்கு ஆங்கிலம். இரண்டே வாரத்தில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை வந்துவிடும். பள்ளியில் ஆறு மணி நேரம் ஆவதற்குக் காரணம் அங்கே முப்பது நாற்பது பிள்ளைகள் இருப்பது. வருகைப்பதிவு, வரிசையில் நிற்பது, நோட்டுத் திருத்தம், மற்றவர்கள் எழுதி முடிக்கும் வரை காத்திருப்பது எல்லாம் அந்த ஆறு மணிக்குள் அடங்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்றால், ஆறேழு வயதில் உட்கார்ந்து செய்கிற பாடத்துக்கு ஒரு மணி நேரம் போதும், மிஞ்சினால் ஒன்றரை. அதையும் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் விளையாட்டு, சமையலறை, தோட்டம், புத்தகம்.

"அப்போ சர்டிபிகேட்டுக்கு என்ன பண்றது?" என்று மாமியாரில் இருந்து எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதை முதலிலேயே பேசிவிடலாம். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அது எதுவும் சொல்லவில்லை. வீட்டுவழிக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். பிறகு பள்ளிக்கு அனுப்ப நினைத்தால், அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர வழி தருகிறது. தேர்வுக்கு இருக்கிற நேரான வழி என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. அதில் ஏ, பி, சி என்ற அடிப்படை நிலைகள் முறையே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்குச் சமம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயது நிறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டுக்கு 15. ஐந்து பாடங்கள் தேற வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். ஆக, ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் மாதிரி வினாத்தாளைத் திணிக்க எந்த அவசரமும் இல்லை. அந்த வயதில் தலையாய வேலை வாசிப்பு ஒன்றுதான்.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் திணறுவதற்கு எழுத்துகளின் எண்ணிக்கையைக் காரணம் சொல்வார்கள். 247 எழுத்து, பாவம் குழந்தை என்பார்கள். எண்ணிக்கையைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. பிள்ளை பேசுகிற தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கிற தமிழ் வேறு. "மழை பெய்துகொண்டிருந்தது" என்ற வரியைப் பிள்ளை எழுத்துக் கூட்டி முடித்துவிடும். முடித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். பொருள் பிடிபட்டிருக்காது. அது காதால் கேட்டதெல்லாம் "மழை பேஞ்சுட்டு இருந்துச்சு" மட்டும்தான். வாய் எழுப்புகிற ஒலி, காதில் முன்பே கேட்ட ஒலியோடு பொருந்தினால்தான் வாசிப்பு நடக்கும். எழுத்து தெரிந்தும் வாசிக்கப் பிடிக்காமல் போகிற பிள்ளைகளில் பலருக்குக் குறை இங்கேதான் இருக்கிறது.

இதற்கு மருந்து, வாசித்துக் காட்டுவது. கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு, இரண்டும் தேவை. நம் வீடுகளில் கதைப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டி, "ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்" என்று பேச்சுத்தமிழில் சொல்லிப் போய்விடுகிறோம். கதை போய்ச் சேரும், ஆனால் புத்தகத் தமிழ் காதில் விழாது. அச்சில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள். பிள்ளை புரியாமல் விழித்தால் அந்த வரியை மட்டும் பேச்சில் ஒரு தடவை சொல்லுங்கள், உடனே அச்சில் உள்ளதை மறுபடி வாசியுங்கள். இந்த மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விளக்கத்தோடு நின்றுவிட்டால் பிள்ளையின் காதில் தங்குவது விளக்கம்தான்.

இரண்டு மூன்று வயதிலேயே தொடங்கிவிடலாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், பகலில் பத்தும் தூங்கப்போகும் முன் பத்தும். ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் வாசியுங்கள். ஐந்தாறு முறைக்குப் பிறகு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள், பிள்ளை முடித்துவைக்கும். நீங்கள் ஒரு சொல்லை மாற்றி வாசித்தால் "அப்படி இல்ல, தப்பா படிக்கிற" என்று கண்டிக்கும். அந்தக் கண்டிப்பு வந்துவிட்டால் காது தயார், எழுத்துக்குப் போகலாம். வரிக்குக் கீழே விரல் ஓட்டுவதையும் இந்தக் கட்டத்தில் தொடங்கினால் போதும். அதற்கு முன்னால் பிள்ளையின் கண் படத்திலேயே இருக்கட்டும்.

எழுத்து

அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தொடங்கினால் முதல் மாதத்தில் பிள்ளையால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாது. உயிரெழுத்து தமிழில் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும். பாட்டாகப் பாடிவைக்க அகரவரிசை நல்லது, அகராதி பார்க்கப் பின்னால் உதவும். வாசிப்பைத் தொடங்க வேறு எழுத்துகள் வேண்டும். ட, ப, ம, க, ர ஆகிய ஐந்து, கூடவே புள்ளியும் துணைக்காலும். இவ்வளவு தெரிந்தால் படம், மரம், பட்டம், மடம், பக்கம், கட்டம், பாடம், காரம், மாமா, காக்கா, பாப்பா எல்லாம் வந்துவிடும். "மாமா, மரம் பார். காக்கா பார். பட்டம் பார், மாமா!" என்று வாக்கியமே வந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளை ஒரு முழு வாக்கியத்தைத் தானாக வாசித்துவிட்டால், அடுத்த எழுத்தைக் கற்றுக்கொடு என்று அதுவே கேட்கும். அடுத்த கட்டத்துக்கு த, ல, வ, ன ஆகியவற்றையும் இகரக் கொம்பையும் சேருங்கள். தாத்தா, பாட்டி, வால், கால், மான், படி, தவிடு என்று வளரும்போதே உகரம் தேவைப்படும்.

க என்ற எழுத்துக்கு ஒரே ஒலி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கடல், தங்கம், அகல் மூன்றிலும் க மூன்று விதமாக ஒலிக்கிறது. சட்டை, பச்சை, பஞ்சு மூன்றையும் சொல்லிப் பாருங்கள், ச மாறுவது தெரியும். தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இந்த மாற்றம் வாயிலேயே இருக்கிறது. எழுத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு வகுப்பெடுத்தால்தான் குழப்பம் வரும், சொல்லுக்குள் வைத்துக் கொடுத்தால் வராது.

அடுத்த சிக்கலைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். "கோழி" என்ற சொல்லின் மேல் ஐந்து வயது விரல் நகர்வதைக் கவனியுங்கள். விரல் முதலில் தொடுவது இரட்டைச் சுழிக் கொம்பை. அதற்கு ஒலி எதுவும் தெரியாமல் விரல் நின்றுவிடும். பிறகு க. "க" என்று சொல்லிவிட்டு அடுத்து வருகிற துணைக்காலைப் பார்த்து "கா" என்று மாற்றும். "காழி?" என்று கேட்கும். இடமிருந்து வலம் ஒழுங்காகப் போனதற்குக் கிடைத்த விளைவு அது. கண்ணுக்கு முதலில் படுகிற குறி காதுக்குப் பின்னால் வருகிறது, எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்பது ஒரே ஒலியின் இரண்டு துண்டுகள். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கையால் செய்து காட்ட வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று செ.மீ. அகலம், இருபது செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதில் மேலிருந்து கீழாக க, ச, த, ப, ம, ல, வ என்று இடைவெளி விட்டு எழுதுங்கள். இன்னொரு அட்டையின் நடுவில் ஒரே ஒரு எழுத்து தெரிகிற அளவு ஜன்னல் வெட்டுங்கள். ஜன்னலுக்கு இடப்பக்கம் இரட்டைக் கொம்பு, வலப்பக்கம் துணைக்கால். பட்டையைப் பின்னால் வைத்து இழுத்தால் கோ, சோ, தோ, போ, மோ என்று மாறிக்கொண்டே வரும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், துணைக்கால் எல்லாவற்றுக்கும் இப்படி ஜன்னல் செய்யலாம். இகரத்துக்கும் உகரத்துக்கும் இது சரிவராது, அவை எழுத்தோடு ஒட்டி அதன் உருவத்தையே மாற்றிவிடும். உகரத்தில் கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, லு, று, னு, ணு மூன்றாவது. தட்டில் பச்சரிசியைப் பரப்பி, ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று விரலால் எழுதட்டும். ஔகார வரிசையை ஒரு வருடம் தள்ளிப் போடலாம். அதைக் கொண்ட சொற்கள் கதைப்புத்தகத்தில் அபூர்வம், எழுதினால் பக்கத்தில் ள இருப்பதுபோல வேறு தோன்றும்.

ர என்ற எழுத்தும் துணைக்காலும் சில அச்சுகளில் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். "பாரம்" என்பதைப் பிள்ளை "பரரம்" என்று வாசித்தால் திட்டாதீர்கள், எழுத்துருவை மாற்றுங்கள். வீட்டில் அச்செடுத்தால் முதல் புத்தகங்களுக்கு 24 புள்ளி அளவு வையுங்கள். பரணில் இருக்கிற பழைய புத்தகங்களை எடுத்தால் இன்னொரு இடறல் வரும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை, ளை முதலான 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய புத்தகத்தில் யானைத் தும்பிக்கையோடு நிற்கிற லையைப் பார்த்துப் பிள்ளை விழிக்கும். எட்டு வயதுக்கு மேல் அதுவே நல்ல புதிர் விளையாட்டு. ஐந்து வயதில் வேண்டாம்.

தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. "மரத்திலிருந்து" என்பதைப் பார்த்ததும் பிள்ளை சோர்ந்துவிடும். பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டு "மரத்தில்", "இருந்து" என்று பிரித்துக் காட்டுங்கள், பிறகு கோட்டை அழித்துவிடுங்கள். ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேற்பட்ட சொற்களில் பிள்ளை தடுக்கினால் அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டுகிற புத்தகம், பிள்ளை தானாக வாசிக்கிற புத்தகம் அல்ல. அந்தத் தட்டுக்கும் இந்தத் தட்டுக்கும் புத்தகம் மாறிக்கொண்டே இருக்கும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் 250 சொற்களுக்குள், இரண்டாவதில் 600 வரை. நிலை எண்ணை அப்படியே நம்பிவிடாமல் முதல் இரண்டு பக்கத்தை நீங்களே சத்தமாக வாசித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்புக் கதைகளில் சில நாக்கில் உருளாது. நாக்கில் உருளாத கதையைப் பிள்ளை இரண்டாம் தடவை கேட்காது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பிரிவு உண்டு. மற்ற ஊர்களில் கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரில் ஓர் அட்டை எடுத்துவிடுங்கள். வீட்டில் புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல், முகம் தெரியும்படி தரையில் இருந்து இரண்டடி உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். எட்டுப் பத்து புத்தகம் போதும், வாரம் ஒரு தடவை மாற்றுங்கள்.

கணக்கைப் பற்றி இங்கே விரிக்கவில்லை, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வீதம் 70. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே பார்க்கத் தொடங்கிய பிள்ளைக்கு வகுத்தல் பாடம் பாதி முடிந்தது. பத்து வயதுக்கு மேல் தாயக்கட்டையை உருட்டச் சொல்லி, 16 விதமான விழுகையையும் எழுதச் சொல்லுங்கள். தாயம் இரண்டு விதத்தில் விழும், பன்னிரண்டு ஒரே ஒரு விதத்தில்தான் விழும். மூன்று ஏன் அடிக்கடி விழுகிறது என்று அதுவே கண்டுபிடிக்கும்.

பிள்ளையே எழுதுகிற புத்தகம்

வாசிப்புக்கு மிகச் சிறந்த முதல் புத்தகம் பிள்ளை தன் வாயால் சொன்னதுதான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அது சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், ஐந்தாறு வரி போதும். "பூன வந்துச்சு. பால குடிச்சிருச்சு. பாட்டி கத்துனாங்க." அப்படியே எழுதுங்கள். பெரியவர்கள் செய்கிற தவறு, எழுதும்போதே "பூனை வந்தது" என்று திருத்திவிடுவது. திருத்திவிட்டால் பிள்ளை வாசிக்கும்போது தான் சொன்ன சொல் அங்கே இருக்காது, தடுக்கிவிடும். முதல் நாள் அதன் சொல்லிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து "இதையே புத்தகத்துல வர்ற மாதிரி மாத்தலாமா?" என்று கேளுங்கள். "பூனை வந்தது, பாலைக் குடித்துவிட்டது" என்று பிள்ளையே மாற்றும். இரண்டு தமிழுக்கும் நடுவே பாலம் போடுகிற வேலை இப்படிச் சிரித்துக்கொண்டே நடந்துவிடும். தானாக எழுதத் தொடங்கியதும் ல, ள, ழ தப்பாகத்தான் வரும். கதை எழுதும் நேரத்தில் திருத்த வேண்டாம். அந்த வாரத்தில் தப்பாக வந்த சொற்களில் மூன்றை மட்டும் எடுத்து, தனியாக வேறொரு நாள் அரிசித் தட்டில் எழுதவையுங்கள்.

எழுதியதைப் புத்தகம் ஆக்க ஒரே ஒரு ஏ4 தாள் போதும். நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு குறுக்கே பாதி, அதற்குள் இன்னொரு பாதி மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். குறுக்கே பாதியாக மறுபடி மடியுங்கள். மடிப்பு இருக்கிற பக்கத்தில் இருந்து, நடு நீளக்கோட்டின் மேல், அடுத்த மடிப்பு வரைக்கும் மட்டும் கத்தரியுங்கள். விரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்நோக்கித் தள்ளினால் பிளவு திறந்து கூட்டல் குறிபோல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் அட்டை இரண்டு, உள்பக்கம் ஆறு என்று எட்டுப் பக்கப் புத்தகம். பக்கம் ஏறக்குறைய 7.4 க்கு 10.5 செ.மீ. திறந்த ஓரத்தில் இருந்து கத்தரித்தால் தாள் பாழாகும், ஆகவே கத்தரிக்கும் முன் மடிப்புப் பக்கம் எது என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மடித்த பிறகே எழுத வேண்டும். விரித்த தாளில் எழுதினால் ஒரு வரிசை முழுவதும் தலைகீழாகப் போய்விடும். அட்டை ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் இரண்டு நிமிடத்தில் பளபளப்பாகும். பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கிற பசையில் வேண்டவே வேண்டாம். மூன்று நாளைக்கு மேல் வைக்காமல் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

எழுத மையும் வீட்டிலேயே செய்யலாம், ஏழு வயதுக்கு மேல். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. நாட்டுமருந்துக் கடையில் ஐந்து கடுக்காய் வாங்கி, கொட்டையை நீக்கி, தோலை இடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியாக வற்றும்வரை சிறு தீயில் காய்ச்சி வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் அங்கேயே கறுத்துவிடும், எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். இரண்டு நாளைக்கு முன்பே ஆறேழு துருப்பிடித்த ஆணிகளை ஒரு கண்ணாடிக் குப்பியில் கால் டம்ளர் வினிகரில் ஊறப் போட்டிருக்க வேண்டும். வாயு வரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. இந்த ஆணித் தண்ணீரைக் கடுக்காய்ச் சாற்றில் ஒவ்வொரு சொட்டாகப் பிள்ளை விடட்டும். மஞ்சள் பழுப்பாக இருந்த சாறு கண்ணெதிரே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமை வரும். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இதே வழியில் வருவதுதான். இரும்பு அதிகமானால் பழுப்படித்துத் தாளை அரிக்கும், கறுத்ததும் நிறுத்திவிடுங்கள். அரைத் தேக்கரண்டி கருவேலம் பிசினைக் கரைத்துச் சேர்த்தால் மை தாளில் பரவாது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு கிராம்பைப் போட்டு வையுங்கள். துணியில் பட்டால் போகாது, பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள். வாயில் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நாணல் குச்சியின் முனையைச் சாய்வாகச் சீவி இந்த மையில் தொட்டு எழுதினால், முதலில் சாம்பல் நிறத்தில் வெளிறித் தெரியும். மை சரியில்லை என்று கொட்டிவிடாதீர்கள். காற்றுப் பட்டுக் கறுக்க அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். எழுதிய தாளைத் திண்ணையில் காயவைத்துவிட்டு, பிள்ளையையும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.